கல்லை எழுதக் கூடாது

எங்கள் வீட்டில் எனக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். யாராவது ஒரு பேச்சை ஆரம்பித்தால் அதை முடித்துக் கொடுக்காமல் என்னால் இருக்க முடியாது. இதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியிருக்கிறேன், கல்யாண வீடுகளில் பேச்சு வாங்கியிருக்கிறேன். திருந்தவில்லை. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தை மாதம் அது என்னைச் சித்தூர் வரைக்கும் ஓட வைத்தது.

அப்போது நான் திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், எத்திராஜ் அண்ணன் நடத்திய டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஓயாமல் சத்தம் போடும் ஒரு மின்விசிறி. கல்யாணப் பத்திரிகை, லாட்ஜ் ரசீது, காதுகுத்து அழைப்பு எல்லாம் அடிப்போம். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் எனக்குக் கை ஓடும். அது பெரிய சாமர்த்தியமில்லை. நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலசமுத்திரத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வேலைக்கு மனுப் போட இங்கிலீஷ் என்றுதான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருமே வளர்ந்தோம்.

அந்த வருஷங்களில் எல்லாரும் எங்காவது கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பெங்களூர் என்றார்கள், ஐதராபாத் என்றார்கள், குவைத் என்றார்கள். எனக்கு வந்தது மெட்ராஸ். வெளிநாட்டு விஞ்ஞானப் புத்தகங்களை இங்கே கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக அமைத்து அனுப்பும் ஒரு கம்பெனி, ஆள் எடுக்கத் திருப்பதிக்கே வருவதாக எழுதியிருந்தது. சனிக்கிழமை காலை, ரயில்வே ஸ்டேஷன் எதிரே ஒரு லாட்ஜின் ஹாலில் பரீட்சை. வருகிறவர் தானே அமைத்த, சூத்திரங்கள் உள்ள, அச்சான புத்தகம் ஒன்றைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. நாலு வருஷமாக நான் அமைத்ததில் சூத்திரம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. முகூர்த்த நேரத்தைத்தான் காட்ட வேண்டும்.

அந்த வேலை எனக்கு ஏன் அவ்வளவு அவசியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் நைனா ரங்கன், சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்கிறவர். இருபத்தாறு வருஷமாகக் கல்லை அடுக்கி, கரியைப் போட்டு, சுட்டு இறக்குகிறார். சுண்ணாம்புத் தூள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. சித்தூர் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இனி காளவாய்ப் பக்கமே போகாதே என்று சொல்லிவிட்டார். நைனா கேட்கவில்லை. நான் சண்டை போட்ட அன்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"நீ மெட்ராஸ்ல வேலைல சேர்ற அன்னிக்கு நான் காளவாய உட்டு எறங்கறேன். அதுவரிக்கும் வாய மூடிக்கினு இரு."

என்னை வாயை மூடச் சொன்னால் நடக்கிற காரியமா. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மூடிக்கொண்டேன்.

மார்கழிக் கடைசியில் ஸ்ரீஹரி சார் கடைக்கு வந்தார். புத்தூர்க்காரர், தனியார் ஜூனியர் கல்லூரி ஒன்றில் கெமிஸ்ட்ரி லெக்சரர். கையில் அழுக்கு நோட்டு. வேதிச் சமநிலை பற்றி மட்டும் நாற்பது பக்கத்தில் இங்கிலீஷில் சின்னப் புத்தகம் போட வேண்டும், இன்டர் இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளுக்கு என்றார். நோட்டைத் திறந்து பார்த்தேன். பக்கமெல்லாம் சூத்திரம். எனக்குக் குலதெய்வமே நோட்டோடு வந்து நிற்பதாகத் தோன்றியது.

நான் படித்தது வணிகவியல். கெமிஸ்ட்ரியில் தண்ணீருக்கு என்ன குறியீடு என்பதோடு என் அறிவு நின்றது. ஆனால் எழுபது எண்பது தடவை ஒரே மாதிரியான விஷயத்தை அடித்தால் கைக்கே புத்தி வந்துவிடும். ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் கீழே கேசி என்று ஒரு பின்னம் வந்தது. சமநிலை மாறிலியாம். வலது பக்கத்துப் பொருளெல்லாம் சதுர அடைப்புக்குள் மேலே ஏறும். இடது பக்கத்துப் பொருளெல்லாம் கீழே இறங்கும். சமன்பாட்டில் முன்னால் நிற்கிற எண், பின்னத்துக்கு வந்ததும் அந்தப் பொருளின் தலைக்கு மேல் சின்னதாக உட்காரும். யாரும் சொல்லித் தராமல் நானாகக் கண்டுபிடித்த விதி இது. அறுபதாவது சமன்பாட்டில் சாரின் நோட்டை மூடி வைத்துவிட்டு நானே எழுதிப் பார்த்தேன். சரியாக இருந்தது. கடையில் யாரும் இல்லாததால் எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

இருபத்து மூன்றாம் பக்கத்தில்தான் என் தலையெழுத்து நின்றது. அதில் ஏழு சமன்பாடுகள். முதல் சமன்பாட்டில் இடது பக்கம் ஒரு பொருள், வலது பக்கம் இரண்டு. கேசியில் சார் ஒரே ஒரு பொருளை மட்டும் எழுதியிருந்தார். பின்னமே இல்லை. கீழே கோடும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்தடுத்ததும் அப்படித்தான், அரைகுறையாக இருந்தது. பாவம், தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். ஏழையும் முழுசாக எழுதி, மேலே போக வேண்டியதை மேலேயும் கீழே வர வேண்டியதைக் கீழேயும் போட்டு, கோடு கிழித்து அழகாக அமைத்தேன். தலைப்புக்குக் கீழே வழக்கம்போல் இரண்டு வரி அளவுக்கு வெற்றிடம் விட்டேன். அப்படி விடுவதற்கு எத்திராஜ் அண்ணன் என்னைத் தினமும் திட்டுவார்.

"காயிதத்த இன்னாத்துக்கு இப்டி காலியா உடற. உங்க நைனா வூட்டு மில்லா இது."

"தலைப்பு மூச்சு உடறதுக்கு எடம் வாணாவாண்ணா" என்பேன்.

வழக்கமாகச் சார் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துத் திருத்துவார். அந்த வாரம் கல்லூரியில் கூடுதல் வகுப்பு. "பாதி பாத்துட்டேன்மா, சுத்தமா இருக்குது. மீதிய நீயே பாத்து அனுப்பிடு" என்றார். வியாழக்கிழமை சாயங்காலம் பக்கங்கள் எல்லாம் பஸ்ஸில் சித்தூர் பிரஸ்ஸுக்குப் போய்விட்டன. வெள்ளி சாயங்காலம் புத்தகம் கைக்கு வந்துவிடும், சனிக்கிழமை அதோடு பரீட்சைக்குப் போகலாம் என்று கணக்கு.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குச் சார் கல்லூரிக்குப் போகிற வழியில் கடைக்குள் தலையை நீட்டினார். எனக்கு வாய் நிற்கவில்லை.

"சார், நீங்க எனக்கு டிபன் வாங்கித் தரணும். இருவத்து மூணாம் பக்கத்துல ஏழு எடத்துல பாதிய உட்டுட்டீங்க. நல்லவேள நான் பாத்தேன். எல்லாத்தையும் போட்டுட்டேன்."

சாரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "இன்னா போட்ட?"

நான் காகிதத்தில் எழுதியே காட்டினேன், பெருமையாக. அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"அம்சவேணி, நான் எதயும் உடலம்மா. அதுங்கள எழுதக் கூடாது."

"எழுதக் கூடாதா? அப்ப சமன்பாட்டுல மட்டும் இன்னாத்துக்கு நிக்குதுங்க?"

"அதுங்கள்லாம் கெட்டிப் பொருள். இரும்பு, கல்லு. ஒரு துண்டு இருந்தாலும் ஒரு வண்டி இருந்தாலும் அதோட கான்சென்ட்ரேஷன், அதாவது செறிவு, ஒண்ணுதான். மாறவே மாறாது. மாறாதத கேசில எழுதறதில்ல. மாறுற வாயுவ மட்டும் எழுதணும். முதல் வரி சுண்ணாம்புக்கல்லு. சூடு பண்ணா சுட்ட சுண்ணாம்பும் கரியமில வாயுவும் வரும். கல்லயும் எழுதக் கூடாது, சுண்ணாம்பயும் எழுதக் கூடாது. வாயு மட்டும்தான்."

முந்நூறு பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு மார்ச்சில் பரீட்சை எழுதுவார்கள். நாளைக்கு நான் இதே பக்கத்தை மெட்ராஸ்காரர்கள் முன்னால் விரித்து வைப்பேன். சார் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "ப்ரூப் பாக்காம உட்டது என் தப்புதான்" என்று சொல்லிவிட்டுத் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தூர் பிரஸ்ஸுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. மெஷின் ஓடினால் அங்கே போன் சத்தம் கேட்காது. சார் வகுப்புக்குப் போக வேண்டும். நான் எத்திராஜ் அண்ணனிடம்கூடச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

பஸ் சந்திரகிரி தாண்டும் வரைக்கும் எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஆத்திரம் அந்தக் கல்லின் மேல். சமன்பாட்டில் வந்து நிற்குமாம், கேசியில் எழுதக் கூடாதாம். பிறகுதான் அந்த வார்த்தை உறைத்தது. சுண்ணாம்புக்கல். அதைச் சுட்டால் சுண்ணாம்பு. இதைத்தானே என் நைனா இருபத்தாறு வருஷமாகச் செய்கிறார். நான் அந்தக் காளவாயைச் சுற்றி விளையாடி வளர்ந்தவள். அடுக்கின கல் கூடவா குறைவா என்று நைனா கவலைப்பட்டுப் பார்த்ததே இல்லை. அவர் கவலையெல்லாம் மேலே காற்றுப் போகிற வழியில்தான். ஒரு மழை நாளில் யாரோ ஈரச் சாக்கைப் போட்டு வாயை மூடிவிட, நடுவில் இருந்த கல் எல்லாம் வேகாமல் பச்சையாக வந்தது. உள்ளே போகிற காற்றும் வெளியே போகிற காற்றும் சரியாக இருந்தால் ஒரு கூடைக் கல்லும் வேகும், நூறு கூடைக் கல்லும் வேகும். சார் சொன்னது அவ்வளவுதான். கெமிஸ்ட்ரி தெரியாதவள் என்பதற்காக நான் வெட்கப்படவில்லை. காளவாய்க்காரன் பெண் இதைக் கோட்டை விட்டேனே என்றுதான் வெட்கமாக இருந்தது.

பிரஸ்ஸுக்குள் நுழையும்போது மணி பதினொன்றே கால். மெஷின் நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். மெஷின்மேன் கன்னையா, பல் போன பெரியவர், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஏமம்மா, இவ்ளோ தூரம். மொத்தமும் ஓட்டிட்டேன். தோ காயுது."

ஓரத்தில் தாள்கள் அடுக்கடுக்காக இருந்தன. இன்னும் மடிக்கவில்லை, வெட்டவில்லை. மேலே இருந்த தாளிலேயே இருபத்து மூன்றாம் பக்கம் என்னைப் பார்த்துச் சிரித்தது. ஏழு பின்னங்கள், ஏழும் தப்பு, ஏழும் பளிச்சென்று இருந்தன. நான் அங்கேயே காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து அழுதேன். கன்னையா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இத அழிக்க முடியாதாய்யா?"

"மையி ஏத்தலாம்மா, எறக்க முடியாது. அதுவும் இன்னொரு தபா ஓட்ட இவ்ளோ காயிதம் இன்னிக்கு இங்க இல்ல. ஏத்தறதுன்னா சொல்லு. பழைய ட்ரெடில் மெஷின் இருக்குது, ஈய எழுத்து இருக்குது. ஒரு வரி ரெண்டு வரி சேர்த்துத் தர்றேன்."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பான பக்கத்தில் எதைச் சேர்த்தால் சரியாகும்? விட்டுப்போயிருந்தால் சேர்க்கலாம். இங்கே இருப்பதுதானே தப்பு. தலைப்புக்குக் கீழே நான் விட்டிருந்த வெற்றிடம் கண்ணில் பட்டது. இரண்டு வரிக்குத் தாராளமாக இடம். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. தப்பை நாமே தப்பு என்று சொல்லிவிட்டால், அது தப்பில்லை, கேள்வி.

எதிர்ப்பக்க எஸ்டிடி பூத்திலிருந்து கல்லூரிக்குப் போன் போட்டேன். சாரைக் கூப்பிட்டு வர ஐந்து நிமிஷம் ஆனது. மூச்சு விடாமல் சொன்னேன்.

"சார், அழிக்க முடியாது. ஆனா தலைப்புக்குக் கீழ ஒரு வரி போடலாம். 'இந்த ஏழுலயும் இருக்கக் கூடாதது இருக்குது, அத அடிச்சிட்டு சரியா எழுது'ன்னு. பாடம் முன்னாடிப் பக்கத்துலயே இருக்குது. இது பயிற்சி ஆயிடும்."

பூத்து மீட்டரில் ரூபாய் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் சார் சிரித்தார்.

"பதினோரு வருசமா பாடம் எடுக்கறேன். வருசா வருசம் பசங்க இதே தப்பத்தாம்மா பண்ணுவாங்க. நீ பண்ண அதே தப்பு. இதுக்கு ஒரு பயிற்சி போடணும்னு எனக்கே தோணல பாரு. போடு. நான் இங்கிலீஷ்ல சொல்றேன், எழுதிக்க."

பூத்தின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். போன உயிர் திரும்பி வந்தது. பூத்துக்காரர் என்னம்மா ஆச்சு என்று கேட்டார், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நானும் சிரித்தேன்.

கன்னையா ஈய எழுத்தை ஒன்றொன்றாகப் பொறுக்கி வரியைக் கட்டினார். நான் இரண்டு தடவை படித்தேன். பிறகு சார் சொன்னதை எழுதியிருந்த சீட்டோடு வைத்து மூன்றாம் தடவையும் படித்தேன். ஒரு கமாவில் கை வைக்க ஆசையாக இருந்தது. வைக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் புத்தகத்தைத் தைத்து என் கையில் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் இரண்டு இட்லியை நிம்மதியாகத் தின்றேன். காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் ஹாலில் இருபது பேர் இருந்தோம். ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், கையெழுத்தில் இரண்டு பக்கம், ஒரு பென்சில். அரை மணி நேரம். என் அதிர்ஷ்டத்தை என்னவென்று சொல்ல, இரண்டாம் பக்கத்தில் கேசி வந்தது. இரும்பும் நீராவியும் சேர்கிற சமன்பாடு. எழுதினவர் பின்னத்தின் கீழே இரும்பையும் சதுர அடைப்புக்குள் போட்டிருந்தார், எண்ணோடு சேர்த்து. இரும்பு கெட்டிப் பொருள். எழுதக் கூடாது.

விரல் தானாக அழிக்கிற கட்டைக்குப் போனது. எனக்கு நன்றாகத் தெரியும் இது தப்பு என்று. ஆனால் இருபத்து மூன்றாம் பக்கத்தில் சார் எழுதியதும் தப்பு என்று எனக்கு நன்றாகத் தெரிந்துதானே இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன். எழுதியிருந்தபடியே அமைத்தேன். பிறகு பென்சிலால் கையெழுத்துத் தாளின் ஓரத்தில் சின்னதாக எழுதினேன்: இரும்பு இங்கே வரலாமா? எழுதியவரைக் கேட்கவும்.

பரீட்சை எடுக்க வந்தவர் தாட்சாயணி அம்மா, நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி. ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். என் புத்தகத்தை வாங்கிப் புரட்டிக்கொண்டே வந்தவர், நான் பயந்த பக்கத்தில்தான் நின்றார். தாளைச் சாய்த்துப் பார்த்தார்.

"இந்த ஒரு வரி மட்டும் ஈய எழுத்து. மத்ததெல்லாம் கம்ப்யூட்டர். ஏன்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய்தான் நம் பேச்சைக் கேட்காதே. முழுதையும் சொன்னேன், சாருக்கு விட்டுப்போனது என்று நினைத்தது, திருத்தியது, பஸ், அழுகை, காளவாய் எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல, வேலை போயிற்று என்று எனக்கே தெரிந்தது. எழுதினவரைக் கேட்காமல் திருத்துகிறவளை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்.

தாட்சாயணி அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த இரும்பு நாங்க வேணும்னே போட்டது. பதினாறு பேர் அதைப் பார்க்கவே இல்ல. மூணு பேர் கெமிஸ்ட்ரி படிச்சவங்க, சத்தமில்லாம எடுத்துட்டாங்க. எங்க தொழில்ல அதுதான் பெரிய தப்பு. நாங்க எழுதறவங்க இல்ல, அமைக்கறவங்க. கேட்டது நீ ஒருத்திதான்."

என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒருவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"நேத்து வாங்கின அடி இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யுதுன்னா நீ தேறிடுவ. மாசி ஒண்ணாம் தேதி மெட்ராஸ் வந்துடும்மா."

அழுதேன். இரண்டு நாளில் இரண்டாம் தடவை. ஆனால் இந்தத் தடவை சிரித்துக்கொண்டே அழுதேன்.

பாலசமுத்திரத்தில் போன் இருந்த கடைக்குப் போட்டு, ஆளை அனுப்பி நைனாவைக் கூட்டிவரச் சொன்னேன். காத்திருந்து மறுபடி போட்டேன். எடுத்ததும் முதலில் இருமல்தான் கேட்டது. காளவாய் வேலையிலிருந்து அப்படியே வந்திருப்பார், சட்டையெல்லாம் வெள்ளையாக.

"இன்னாமே, இன்னா ஆச்சு? அடுக்கு பாதில நிக்குது, சீக்கிரம் சொல்லு."

எத்தனையோ சொல்ல நினைத்திருந்தேன். கேசியைச் சொல்ல வேண்டும், அவர் கல் ஒரு புத்தகத்தின் இருபத்து மூன்றாம் பக்கத்தில் முதல் வரியில் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்றெல்லாம். எதுவும் வரவில்லை.

"நைனா, எறங்கு."

அந்தப் பக்கம் கையில் இருந்த சுண்ணாம்பைத் தட்டித் துடைக்கிற சத்தம் கேட்டது.

"மீதி அடுக்க வேற ஆள் பாத்துக்குவாங்க" என்றார் நைனா. "நான் வூட்டுக்குப் போறேன்."